இடப்பக்கம் மட்டும் திரும்பிய ஜீப்

நானும் காதர் மேஸ்திரியும் ஒரு மாதம் போலப் பாடுபட்டுத் தயார் செய்த ரேஸ் ஜீப் வலப்பக்கம் ஒழுங்காகத் திரும்பாது. அன்றைய ரேஸிலோ வலப்பக்கம் மட்டும்தான் திரும்ப வேண்டும். இந்த இரண்டும் ரேஸ் அன்று காலையில், ஒரே இடத்தில், ஜோடி சேர்ந்து எங்கள் முன்னால் நின்றன. இப்படியொரு ஜோடிப் பொருத்தம் அமைய முன்ஜென்மத்தில் நிறையப் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

இப்போது வேலை பழகுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, முன் ஷாக்கை எங்கன வச்சா வண்டி நல்லா நிக்கும்?" என்று கேட்கிறார்கள். பதில் தெரியும். ஆனால் அந்தப் பதில் என் மண்டையில் எப்படி ஏறியது என்று சொன்னால்தான் உங்கள் மண்டையிலும் நிற்கும். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். மீதியைப் படிப்பித்தது அந்த ஜீப்தான்.

1. ஷெட்டு

அறுபதுகளின் ஆரம்பம். தென்காசிக் கோபுரம் மொட்டையாக நின்ற காலம். செங்கோட்டை போகிற ரோட்டில் காதர் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு மரத்தூண், மேலே தகரம், நடுவில் ஆள் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, மூலையில் கார்பைடு கேஸ் வெல்டிங் டப்பா. அதை நம்பி மேஸ்திரி வீடு, என் வீடு உட்பட நாலைந்து வீடுகளில் உலை கொதித்தது. நான் காலையில் விஸ்வநாதரைச் சுற்றிவந்து திருநீறு பூசிக்கொண்டு வருவேன். மேஸ்திரி பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருவார். இரண்டு பேரும் சாமி பெயரைச் சொல்லித்தான் ஸ்பேனரை எடுப்போம். அப்படியும் போல்ட்டு உடையத்தான் செய்யும்.

ஷெட்டு நின்ற இடம் எங்களுடையது இல்லை. மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த பெரிய முதலாளியின் இடம். அவர் நல்ல மனிதர். எஸ்டேட் லாரிகளுக்கு நாங்கள் வேலை செய்தோம், அவர் இடத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தார். அவர் படுக்கையில் விழுந்ததும் எல்லாப் பொறுப்பும் மகன் கைக்கு வந்தது. சின்ன முதலாளி ராஜதுரை. மெட்ராஸில் படித்தவர். என்ன படித்தார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அங்கே கார் ரேஸ் பார்த்திருக்கிறார் என்பது வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது.

குற்றால சீசனுக்கு முன்னால், குளமெல்லாம் வற்றிக் கிடக்கும்போது, பண்பொழிப் பக்கத்துக் குளம் ஒன்றில் எஸ்டேட்காரர்களெல்லாம் சேர்ந்து மண் ரேஸ் விடுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். குளத்துக்குள் தண்ணீர் இல்லை என்றால் நம்மூர்க்காரன் வானத்தைப் பார்ப்பான். பெரிய இடத்துப் பிள்ளைகள் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார்கள்.

சின்ன முதலாளி ஒரு பட்டாளத்து ஜீப்பைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்.

"மேஸ்திரி, இதை ரேஸ் காரா மாத்தணும்."

"மாத்திருவோம் சின்ன மொதலாளி. இது மலைக்கு விறகு ஏத்துன வண்டி. பைய ஓட்டுனா நல்லா ஓடும்."

"ரேஸுல பைய ஓட்டுறதுக்கு எதுக்கு ரேஸு? இங்க பாருங்க. ஊரு பூரா பெரிய மனுஷங்க வர்றாங்க. நடுவுல வண்டி நின்னாலோ, குடை சாஞ்சாலோ என்னால தலை நிமிர முடியாது. அப்புறம் இந்த ஷெட்டை நீங்க காலி பண்ணிற வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பணக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் நிஜமாகச் செய்வார்கள்.

2. படத்தைப் பார்த்து வைத்த ஷாக்

கூடவே வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு படம். புழுதி பறக்க ஒரு ரேஸ் கார் வளைவில் திரும்புகிறது. வலது முன்சக்கரத்தை ஒட்டி, நட்டுவைத்த கம்பம் மாதிரி, சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு தடித்த ஷாக் நேராக நிற்கிறது. இடது பக்க ஷாக் சாய்வாக, சாதுவாக உள்ளே இருக்கிறது.

"இதே மாதிரி வைங்க. செவப்புப் பெயின்ட்டு மறந்துறாதீங்க" என்றார்.

படத்துக்குக் கீழே பக்கம் நிறைய எழுதியிருந்தது. அவர் வாசிக்கவில்லை. எங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்த வகையில் மூன்று பேரும் சரிசமம்.

ஷாக் என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பாரத்தைச் சுமப்பது பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் குதிக்கும். குதிக்க ஆரம்பித்தால் அதற்கு நிறுத்தத் தெரியாது. "போதும், உக்காரு" என்று அதட்டுவதுதான் ஷாக். சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அதட்டினால் பலமாகக் கேட்கும். தள்ளி உள்ளே நின்றால் பாதிதான் கேட்கும். ஷாக் நேராக நின்றால் முழு வேலை செய்யும். சாய்ந்து நின்றால் சாய்ந்த அளவுக்கு வேலையும் குறையும். வண்டி சும்மா நிற்கும்போது ஷாக் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். சக்கரம் ஏறுவதற்கும் இடம் வேண்டும், இறங்குவதற்கும் இடம் வேண்டும்.

வளைவில் வண்டியின் பாரமெல்லாம் வெளிப்பக்க முன்சக்கரத்தில் போய் உட்காரும். இடப்பக்கம் திரும்பினால் வலது சக்கரம் வாங்கும். படத்தில் கார் இடப்பக்கம் திரும்பியது. அதனால் வலது பக்கம் தடியன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

லாரியில் இருந்து கழற்றிய ஒரு தடித்த ஷாக்கை மேஸ்திரி தேடி எடுத்தார். ஃபிரேமில் இருந்து ஓர் இரும்புக் கையை வெளியே நீட்டி வெல்டு வைத்து, கீழே ஆக்ஸிலில் சக்கரத்தை ஒட்டி ஒரு பிராக்கெட் வைத்து, ஷாக்கை நிமிர்ந்து நிற்க வைத்தோம். ஆக்ஸிலுக்கு முன்பக்கம் வைத்துப் பார்த்தால், இடப்பக்கம் திரும்பும்போது டயரின் முன்விளிம்பு உள்ளே வந்து ஷாக்கில் முட்டியது. சரி என்று ஆக்ஸிலுக்குப் பின்பக்கம் வைத்தோம். இடப்பக்கம் எவ்வளவு ஒடித்தாலும் டயர் விலகியே போயிற்று. வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தேன். பாதித் திருப்பிலேயே டயரின் பின்விளிம்பு வந்து ஷாக்கில் 'கர்ர்' என்று உரசியது.

"மேஸ்திரி, வலது பக்கம் முழுசாத் திரும்ப மாட்டேங்குது."

மேஸ்திரி சின்ன முதலாளியைப் பார்த்தார்.

"ரேஸுல வலது பக்கம் எதுக்குத் திரும்பணும்?" என்றார் அவர். "வட்டமா ஓடுற ரேஸு. உலகம் பூரா இடது பக்கம்தான் சுத்துவாங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியாலே? உலகம் பூரா."

உலகம் முழுவதும் ஒத்துக்கொண்டதைத் தென்காசியில் இரண்டு மெக்கானிக்குகள் மறுத்தால் நன்றாகவா இருக்கும்? நான் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"வண்டி எங்க போகுது?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகாது ஏட்டி. சுத்திச் சுத்திப் புறப்பட்ட எடத்துக்கே வரும்."

"அதுக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்?" ரசத்தை ஊற்றிவிட்டு, "நம்ம கோயிலச் சுத்துதாப்பல பையச் சுத்துனா என்னவாம்?" என்றாள்.

சிரித்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டேன். தினமும் காலையில் பிரகாரத்தை வலமாகச் சுற்றி வருகிறவன் நான். அவள் சொன்ன வார்த்தையில் அப்போதே விஷயம் இருந்தது. புத்தி ரசத்தோடு இறங்கிவிட்டது.

3. வாதம் வந்த ஜீப்

ரேஸ் அன்றைக்கு விடிந்ததும் ஜீப்பை ஷெட்டில் இருந்து குளத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். நேர் ரோட்டில் ராஜா மாதிரி போயிற்று. வலப்பக்கம் ஒடிக்க வேண்டிய ஒவ்வொரு முக்கிலும் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், மாட்டைத் தொழுவில் கட்டுகிற மாதிரித் திருப்ப வேண்டியிருந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கு அன்றைக்கு டீயே தேவைப்படவில்லை.

"என்ன மேஸ்திரி, ஜீப்புக்கு ஒரு பக்கம் வாதமா?"

"பண்பொழி மலைக்குக் கூட்டிட்டுப் போயி முருகனுக்கு முடி எறக்கும். சரியாப் போகும்."

"அதான் தகரமெல்லாம் கழத்தி மொட்டை போட்டுட்டாவளே, இன்னும் என்னத்த எறக்க?"

மேஸ்திரி பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ரேஸு வண்டி. ஒங்களுக்கு அதெல்லாம் வெளங்காதுவே" என்றார். விளங்காதவர்கள் ஊரில் எத்தனை பேர் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

4. பூசாரி

குளத்துக்குள் வெடிப்பு விட்ட கரம்பை மண். மாடு மிதித்த குழிகள். கொடி நட்டு வட்டம் போட்டிருந்தார்கள். கரையில் துணிப்பந்தல், நாற்காலி, குற்றாலத்துக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள், அவர்களுக்கு விசிற ஆட்கள். வட்டத்துக்கு நடுவில், தண்ணீர் இருக்கும் காலத்தில் தலை மட்டும் தெரிகிற மேட்டில், மாடசாமி பீடம். மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தது. பக்கத்தில் முளை அடித்து ஒரு கிடாக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்தைக் கும்பிட்டேன். "சாமி, வண்டி குடை சாயாமப் பாத்துக்கிடும். ஷெட்டு போயிரப்பிடாது" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் முடிவதற்குள் சாமி பதில் அனுப்பிவிட்டது. பூசாரி சுடலைமுத்து கையில் கம்போடு டிராக்கின் நடுவே வந்து நின்றார்.

"எந்தப் பக்கமாய்யா சுத்தப் போறிய?"

யாரோ கையைக் காட்டினார்கள். அவர் கம்பைத் தரையில் ஊன்றினார்.

"நடக்காது. மாடனை நடுவுல வச்சு இடஞ் சுத்தப் போறியளா? பொணத்தைத்தான்யா இடஞ் சுத்துவோம். சாமிய வலந்தான் வரணும்."

சின்ன முதலாளி முன்னால் போனார். "பூசாரி, இது ரேஸு. பூசை இல்ல. உலகம் பூரா இப்படித்தான் ஓட்டுவாங்க."

"உலகம் பூரா எங்கன வேணாலும் சுத்தட்டும் தம்பி. அங்கன எல்லாம் நடுவுல மாடன் இருக்காரா? இங்கன இருக்காரு. வேணும்னா அவரைக் கேட்டுக்கிடும், நான் குறுக்க நிக்கல."

குறுக்கே நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஊர் ஆட்களும் வந்து நின்றார்கள். ஆரியங்காவுப் பக்கத்தில் இருந்து வந்திருந்த மலையாளி எஸ்டேட்காரர் ஒருவர், பழைய கார் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டிருந்தவர், "அது சரியாணு. பிரதட்சிணம் தன்னே வேணும்" என்று தலையை ஆட்டினார். மற்றவர்களும் சரி என்றார்கள். அவர்களுக்கு என்ன? அவர்கள் வண்டி எல்லாம் எந்தப் பக்கமும் திரும்பும்.

சின்ன முதலாளி எங்களிடம் வந்தார். "சுத்துற பக்கம் மாறுது மேஸ்திரி. ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

மேஸ்திரி ஜீப்பின் முன்சக்கரத்தைக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணுதான். அந்த வலது ஷாக்கக் கழத்திட்டா நல்லது. திரும்பும்போது டயரு உரசும்."

"எந்த ஷாக்கை? செவப்பு ஷாக்கையா?" அவர் குரல் ஏறியது. "அதைக் காட்டத்தான் மேஸ்திரி இத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கேன். இப்பவே நாலு பேருக்கு விளக்கிச் சொல்லிட்டேன். அதுல யாராவது கைய வச்சீங்கன்னா சாயங்காலமே ஷெட்டைக் காலி பண்ணிருங்க."

சொல்லிவிட்டு, பெரிய மனிதர்களோடு டிபன் சாப்பிட டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போய்விட்டார்.

5. டிபன் நேரத்தில்

நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாக்கைக் கழற்றினால் ஷெட்டு போகும். கழற்றாவிட்டால் வளைவில் டயர் ஷாக்கில் முட்டும், ஸ்டியரிங் திரும்பாது, வண்டி நேராகக் கரையில் ஏறிக் குடை சாயும். அப்போதும் ஷெட்டு போகும். கூடவே சின்ன முதலாளியின் கழுத்தும் போகலாம். எங்கள் மேல் கோபப்பட அவர் உயிரோடு இருப்பதையே நாங்கள் விரும்பினோம். அவருக்கு அம்மா இருந்தார்கள், எனக்கு அந்த ஆச்சியைத் தெரியும்.

மேஸ்திரி ஜீப்புக்கு அடியில் படுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே ஆறுமுகம். கழத்தக் கூடாதுன்னுதான சொன்னாரு?"

"ஆமா மேஸ்திரி."

"மடக்கக் கூடாதுன்னு சொல்லலேல்லா?"

கீழ் போல்ட்டை மட்டும் உருவினோம். ஷாக்கைக் கீழிருந்து அழுத்தினால் உள்ளே போய்க் குறுகும். முழுக்க அழுத்தி, மேல் போல்ட்டில் தொங்கவிட்டு, உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டுக் கம்பியால் ஃபிரேமோடு சேர்த்துக் கட்டினோம். மேலே இருந்து பார்த்தால் சிவப்பு ஷாக் கம்பீரமாக இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே அது எதையும் தொடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்கிற சில பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். டயர் தாராளமாகத் திரும்பியது.

ஆனால் பாதி வேலைதான் முடிந்தது. வலமாகச் சுற்றும்போது பாரத்தை வாங்கப் போவது இடது முன்சக்கரம். அங்கே இருந்ததோ விறகு ஏற்றிய காலத்துச் சாய்ந்த, இளகிய ஷாக். வளைவுக்கு வளைவு அந்தப் பக்கம் ஆடித் தீர்க்கும். மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை கிடாக்குட்டியில் போய் நின்றது.

"பூசாரி, அந்தக் கயிறு கெடைக்குமா?"

"கெடா கட்டிருக்குல்லா, கண்ணு தெரியலையா?"

"கெடாவ நீரு செத்த நேரம் பிடிச்சுக்கிடும்."

"மாடனுக்கு நேந்த கெடாவோட கயிறுவே. அதை ஒம்ம வண்டியில கட்டுனா வண்டியும் மாடனுக்கு நேந்ததுதான், பாத்துக்கிடும்."

"வண்டிய வெட்டாம இருந்தாச் சரி" என்றார் மேஸ்திரி.

பூசாரி சிரித்துவிட்டார். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கிடாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். ஷாக் வராத காலத்தில் செய்த வேலை இது. பட்டை ஸ்பிரிங்கைச் சேர்த்து இறுக்கிக் கயிறு சுற்றினால் பட்டைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். துள்ளல் கொஞ்சம் அடங்கும். கயிற்றை நனைத்து, மேஸ்திரி காலை ஊன்றி இழுக்க, நான் முடிச்சுப் போட்டேன். அவர் "யா அல்லா" என்று இழுத்தார். நான் "முருகா" என்று முடிந்தேன். நடுவில் மாடன் வேறு. ஒரு ஜீப்புக்கு இவ்வளவு துணை போதும் என்று நினைத்தேன்.

கம்பியின் மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவிவிட்டு எழுந்தபோது, சின்ன முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஷாக்கைப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

6. ரேஸ்

கொடியை ஆட்டினார்கள். சின்ன முதலாளி ஜீப்பைக் கிளப்ப, நாங்கள் கரையில் நின்றோம். முதல் வளைவில் எனக்குக் கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை. "திரும்பிட்டுலே" என்று மேஸ்திரி சொன்ன பிறகுதான் திறந்தேன்.

ஜீப் திரும்பியது. அழகாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். அதட்ட ஆள் இல்லாத வலது சக்கரம் தவளை மாதிரிக் குதித்துக் குதித்துப் போயிற்று. நல்ல வேளை, அது உள்பக்கச் சக்கரம், அதன்மேல் அதிகப் பாரம் இல்லை. இடது பக்கம் ஒவ்வொரு வளைவிலும் அமுங்கி, கயிறு பிடித்து, மறுபடி நிமிர்ந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஜீப் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. ஒரு தடவை வலது சக்கரம் தரையை விட்டே எழும்பியது. மேஸ்திரி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"போச்சுலே. ஷெட்டு போச்சு."

அப்போதுதான் மலைப்பக்கம் இருந்து காற்று மாறி, முகத்தில் பொடித் தண்ணீர் அடித்தது. சாரல். அதற்கு இன்னும் நாள் இருந்தது. யார் சொல்லி முன்கூட்டியே வந்தது என்று எனக்குத் தெரியும், நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். புழுதி அமுங்கியது. குழிகள் இளகின. நனைந்த கயிறு மறுபடி இறுகியது. மண் வழுக்க ஆரம்பித்ததும் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். சின்ன முதலாளியும் பயந்துபோய்க் குறைத்தார். அன்றைக்கு அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதையும் அவர் வேண்டி விரும்பிச் செய்யவில்லை.

ஜீப் நிற்கவில்லை. சாயவில்லை. இரண்டாவதாக வந்து சேர்ந்தது.

முதலாவதாக வந்தவர் அந்த ஆரியங்காவுக்காரர். வண்டியில் என்ன மாற்றினீர்கள் என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "ஒந்நுமில்லா. டயரில் காற்று நோக்கி" என்றார் மனுஷன். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தாராம், அவ்வளவுதான். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. கூட்டம் எங்கள் ஜீப் பக்கம் வந்துவிட்டது. அங்கேதான் கேட்பதற்கு ஏதோ இருந்தது.

சின்ன முதலாளி சிவப்பு ஷாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். "எல்லாம் பொசிஷன்ல இருக்கு. வீலை ஒட்டி, நேரா நிக்கணும். இந்த ஒரு ஷாக் இல்லைன்னா இன்னைக்கு நான் இல்லை."

உண்மைதான். அது வேலை செய்திருந்தால் அவர் இருந்திருக்க மாட்டார்.

கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் குனிந்து கீழே பார்க்கப் போனார். மேஸ்திரி குறுக்கே பாய்ந்தார். "தொட்டுறாதீங்க ஐயா, கொதிக்குது."

"ஷாக் கொதிக்குமா?"

"ரேஸு ஷாக்குங்க. கொதிக்கும்."

பெரியவர் மரியாதையாகத் தள்ளி நின்றார்.

7. திரும்பும் வழி

சந்தோஷத்தில் சின்ன முதலாளி தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சாரலில் வயலெல்லாம் நனைந்து கிடந்தது. பாதி வழியில், எந்தக் குழியும் இல்லாத இடத்தில், 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு 'டங், டங், டங்'.

கம்பி அறுந்துவிட்டது. ஷாக் நீண்டு இறங்கி, ஆக்ஸிலில் இடித்துக்கொண்டு தொங்கியது. ரேஸில் தாக்குப்பிடித்த கம்பி ரோட்டில் அறுந்தது. அதற்கும் ஏதோ காரணம் இருக்கும், மாடனைத்தான் கேட்க வேண்டும்.

சின்ன முதலாளி இறங்கினார். நாங்களும் இறங்கினோம். குனிந்து ஷாக்கைப் பார்த்தார். அறுந்த கம்பியைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய், ஸ்பிரிங்கில் சுற்றியிருந்த கிடாக் கயிற்றைப் பார்த்தார். சாரல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மேஸ்திரி தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஷெட்டின் தகரமும் குழியும் கண்ணுக்குள் வந்து போயின.

"எப்போ?" என்று கேட்டார்.

"நீங்க டிபன் சாப்பிடப் போனப்போ."

"அப்ப, ரேஸு பூரா இது இல்லாமத்தான் ஓட்டுனேனா?"

"ஆமா சின்ன மொதலாளி."

"இது மாட்டியிருந்தா?"

மேஸ்திரி கீழே படுத்து, ஷாக்கை இழுத்துப் பிராக்கெட்டில் பொருத்தி, மடியில் வைத்திருந்த போல்ட்டைப் போட்டார். எழுந்து, ஸ்டியரிங்கைக் காட்டினார். "வலது பக்கம் ஒடிச்சுப் பாருங்க."

அவர் ஏறி உட்கார்ந்து ஒடித்தார். கர்ர்ர். இன்னும் பலமாக ஒடித்தார். சக்கரம் பாதியில் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தின் முதல் வளைவு அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

"யார்ட்டயாவது சொன்னீங்களா?" என்றார்.

"இல்ல."

"அந்தப் பூசாரி?"

"அவருக்குக் கயிறு மட்டுந்தான் தெரியும். கெடாவத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாரு, வேற எதையும் பாக்க நேரமில்ல."

அவர் மூச்சு விட்டார். "பழையபடி மடக்கிக் கட்டுங்க. நல்ல கம்பியாப் போட்டுக் கட்டுங்க."

கட்டினோம். கட்டி முடித்து எழுந்த மேஸ்திரி, துண்டைக் கையில் சுருட்டியபடியே, அன்றைக்குக் கேட்காமல் விட்டால் இனி ஒருபோதும் கேட்க முடியாது என்பதுபோலக் கேட்டார்.

"அப்போ, ஷெட்டு?"

"எந்த ஷெட்டு?" என்றார் சின்ன முதலாளி. வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அதற்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பேச்சு வரவே இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வாயிலும் வரவில்லை. மேஸ்திரி கண்ணை மூடும்வரை ஒர்க்‌ஷாப் அதே இடத்தில்தான் நடந்தது.

ஆனால் வேறொரு தொல்லை வந்தது. சின்ன முதலாளியின் பேச்சைக் கேட்டவர்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள் என்று வரிசையாக வண்டியைக் கொண்டுவந்தார்கள். வீரகேரளம்புதூரில் இருந்து வைக்கோல் ஏற்றுகிற லாரிக்காரர் ஒருவர் வந்து, "அந்தச் செவப்பு ஷாக் மாதிரியே வச்சுத் தாங்க மேஸ்திரி" என்று நின்றார்.

மேஸ்திரி நிதானமாகக் கேட்டார். "ஒம்ம லாரி வலது பக்கம் திரும்புமா?"

"திரும்பாமப் பின்ன?"

"அப்போ ஒமக்கு அது வேண்டாம்வே."

மேஸ்திரி ஒவ்வொரு கொடைக்கும் முன்னால் பண்பொழிக்கு ஆள் அனுப்பி, பூசாரிக்குப் புதுக் கயிறு ஒன்று கொடுத்துவிடுவார். பழைய கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது ஷெட்டில் ஆணியில் தொங்கியது. ஆயுதபூஜைக்கு நான் அதற்கும் சந்தனம் வைப்பேன், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எனவே, பிள்ளைகளே, முன் ஷாக்கைச் சக்கரத்தை ஒட்டி வையுங்கள், நேராக வையுங்கள், ஏறவும் இறங்கவும் இடம் விட்டு வையுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயர் தொடுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டி ஓடப்போகிற இடத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர்தான்.